முதல் அச்சை நீங்களே வெட்டுங்கள்
(கைவேலை கேள்வி - பதில்)

நாகர்கோவில் பக்கத்தில் தபால் நிலையத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்திய கை, இப்போது வீட்டில் ரப்பர் அச்சு குத்தி வாழ்த்து அட்டை செய்கிறது. போன இதழில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். தபால்தலையையும் நாம் ஸ்டாம்ப் என்றே சொல்வதால், குழப்பம் வராமல் இருக்க ரப்பர் ஸ்டாம்பை இங்கே ‘அச்சு’ என்றே எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 52 வயது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பகலில் நேரம் இருக்கிறது. ஆன்லைனில் பார்த்தால் ஸ்டாம்ப் செட், மை, வெட்டும் மெஷின் என்று ஆயிரக்கணக்கில் ஆகும்போல. முதலில் எதை வாங்குவது? எனக்குப் படம் வரையவும் வராது.
— இல்லத்தரசி, தக்கலை

இப்போதைக்கு ஒரு வெள்ளை அழிரப்பர், ஒரு பேப்பர் கட்டர், ஆபீஸில் வைத்திருப்பார்களே அந்த ஸ்டாம்ப் பேட் ஒன்று. இவ்வளவு போதும். முதல் அச்சை நீங்களே வெட்டுங்கள், செட் வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படம் வரைய வராவிட்டால் பரவாயில்லை. உங்கள் பக்கத்தில் பூவரச மரம் இல்லாமல் இருக்காது. கொழுந்துக்கு அடுத்த சின்ன இலையாக, அழிரப்பருக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று பறித்து வாருங்கள். பட்டர் பேப்பரை அதன் மேல் வைத்து, 4பி மாதிரி மென்மையான பென்சிலால் ஓரத்தைச் சுற்றி வரையுங்கள். பூவரச இலையில் நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்தே விரல்களைப் போல விரியும். அதில் நாலைந்தை மட்டும் வரைந்தால் போதும். இப்போது பேப்பரைக் கவிழ்த்து அழிரப்பர் மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். கோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். இடம் வலமாக மாறித்தான் ஒட்டும். குத்தும்போது இன்னொரு தடவை மாறி நேராகிவிடும்.

வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும்படி பிடியுங்கள். மலை அடிவாரம் அகலமாக இருக்குமே, அந்த மாதிரி அச்சின் அடிப்பாகம் அகலமாக நிற்க வேண்டும். கோட்டுக்கு அடியில் குடைந்துவிட்டால், அழுத்தும்போது அந்த ஓரம் மடங்கி, மை பிசிறும். வளைவு வந்தால் கத்தியை அசைக்காமல் அழிரப்பரைத் திருப்புங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஆழம் தாராளம். நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு கீறினால் நூல் மாதிரி ஒரு துண்டு எழும்பி வரும். அந்த நூல் முழுசாகக் கழன்று வரும்போது உண்டாகிற சந்தோஷத்துக்காகவே நான் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை குத்தினால் வேண்டாத இடத்திலும் மை படும். வெட்டாமல் விட்ட மேடு எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. பார்த்து இன்னும் கொஞ்சம் சீவுங்கள். இப்படி ஒன்று வெட்டி முடித்தவருக்கு, கடையில் ஒரு அச்சைத் திருப்பிப் பார்த்த உடனே பள்ளம் போதுமா, ஓரம் சுத்தமா என்று கண் சொல்லிவிடும். முதலிலேயே செட் வாங்கினவர்களுக்கு அது தெரிவதில்லை. பாதி அச்சுகள் டப்பாவிலேயே கிடக்கும்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஐவரி ஷீட் ஏ4 அளவில் கேளுங்கள். ஒரு ஏ4-ஐக் குறுக்காகப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டரில் இரண்டு அட்டை. மடிக்கும் முன் ஷீட்டை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுளுவாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுளுவாக வளைகிற திசையில் மடிப்பு வந்தால் வெடிக்காது. மடிக்கிற இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். ஸ்பூனின் முதுகால் தேய்த்துவிடுங்கள்.

அம்மா, எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. வீட்டிலேயே ஷீட் அடிக்கிறோம். அந்த ஷீட்டிலேயே அச்சு வெட்டினால் என்ன?
— கல்லூரி மாணவர், குலசேகரம்

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற தொழிலாளி. விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து வந்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, புகைப்புரையில் தொங்கவிடுகிற வரைக்கும் கூடவே நின்று பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் நீங்கள் கேட்டதை நானும் ஒரு நாள் செய்து பார்த்தேன். நல்ல புகை ஷீட்டில் ஒரு துண்டு எடுத்து வெட்டினால், கத்தியோடு சேர்ந்து ரப்பரும் இழுபடுகிறது. கோடு கோணலாகிறது. மத்தியான வெயிலில் அச்சு பேப்பரிலேயே ஒட்டிக்கொண்டது. புகை வாசம் வேறு.

காரணம் இதுதான். நாம் அடிக்கிற ஷீட் வேகாத பச்சை ரப்பர். சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், உள்ளே நீள நீளமாகக் கிடக்கிற இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்ட மாதிரி கந்தகம் பிணைத்துவிடுகிறது. அதன் பிறகுதான் ரப்பர் அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய உருவத்துக்கே திரும்புகிறது. இதை 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். நாம் குத்துகிற அச்சு, ஓட்டுகிற சைக்கிளின் டயர் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பழைய முறையில் அச்சு செய்யும் கடைகளில், எழுத்துப் பதித்த அச்சுப்பாளத்தின் மேல் கந்தகம் கலந்த ரப்பரை வைத்துச் சூட்டோடு அழுத்துவார்கள். வேகிறதும் உருவம் ஏறுகிறதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று கடையில் கிடைக்கிற வெள்ளை அழிரப்பர்களில் நிறைய மரத்து ரப்பரே கிடையாது, ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். வெட்ட நன்றாக இருப்பதும் அதனால்தான். ஆனால் அதில் வெட்டிய அச்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போட்டு வைத்தால் ஒட்டி உருகின மாதிரி ஆகிவிடும். பேப்பரில் சுற்றி வையுங்கள்.

பெரிய உருவம் வேண்டுமென்றால் பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டலாம். சின்னச் சின்னத் துளை இருப்பதால் மணல் தூவின மாதிரி அச்சு விழும். பனைமரத்தின் தடிக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

நான் குத்தினால் நடுவில் மை இல்லாமல், ஓரத்தில் அப்பிக்கொள்கிறது. மேலே வாட்டர் கலர் தீட்டினால் கோடெல்லாம் கலைந்து ஓடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
— ஆசிரியை, மார்த்தாண்டம்

இரண்டும் வேறு வேறு விஷயம், டீச்சர்.

முதலாவது, அழுத்தம். மை பேடை அச்சில் தட்டுங்கள், அச்சைப் பேடில் அமுக்க வேண்டாம். அச்சை மேலே பார்த்தபடி திருப்பி வைத்து, பேடைக் கவிழ்த்து மெதுவாக ஏழெட்டுத் தட்டு தட்டினால் மேட்டில் மட்டும் மை ஏறும். அப்புறம் அச்சைப் பேப்பரில் நேராக இறக்கி, அசைக்காமல், நடுவிலும் நாலு மூலையிலும் விரலால் ஒரு தடவை அழுத்திவிட்டு நேராக மேலே தூக்குங்கள். பேப்பருக்கு அடியில் பழைய நோட்டு ஒன்று இருக்கட்டும். வெறும் மேஜையில் வைத்துக் குத்தினால் நடுப்பாகம் படாது. தேதி முத்திரையை ஓங்கிக் குத்திப் பழகின எனக்கு இந்தப் பொறுமை வர ஒரு மாதம் ஆனது.

இரண்டாவது, மை. ஆபீஸ் பேடு மையும், தண்ணீரில் கரையும் சாய மையும் காய்ந்தாலும் ஈரம் பட்டால் ஓடும். அவற்றின் மேல் கலர் பென்சில் தீட்டுங்கள், அழகாக இருக்கும். வாட்டர் கலர்தான் வேண்டுமென்றால் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட மையாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கினதும் ஒரு துண்டுப் பேப்பரில் குத்தி, காய்ந்த பிறகு ஈர விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அட்டையில் கை வையுங்கள். பிக்மென்ட் மை என்று ஒன்று உண்டு. அது பேப்பருக்குள் இறங்காமல் மேலேயே நிற்பதால் நிறம் அருமையாக இருக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அந்த நாளில் பிக்மென்ட் மையில் குத்தின அட்டையை ராத்திரி முழுக்க விரித்துப் போட்டு வைத்துவிடுங்கள், அவசரப்பட்டு அடுக்காதீர்கள். பேப்பர் சுருளாமல் இருக்கப் பிஸ்கட் டின்னில், மருந்து பாட்டிலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் நல்லது.

அந்த ஈரமான மையின் மேல், சூட்டில் உருகுகிற எம்போஸிங் பவுடரைத் தூவிச் சூடு காட்டினால் எழுத்து புடைத்து நிற்கும். ஹேர் டிரையர் அதற்கு ஆகாது, பவுடரைப் பறக்கடித்துவிடும். அதற்கென்றே ஹீட் கன் இருக்கிறது.

அச்சில் மை காய்ந்து அப்பிக்கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?
— வாசகி, அருமனை

கூடவே கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மூன்றும் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். எண்ணெயும் அப்படித்தான்.

நான் முதன்முதலில் ஆசையாக வாங்கியது ஒரு பட்டாம்பூச்சி அச்சு. இறக்கையில் முடி மாதிரிக் கோடுகள் இருந்தன. மை காய்ந்துவிட்டது என்று, கையில் பட்ட கறைக்குத் தேய்க்கிற மாதிரி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் இறக்கை உப்பிப் பிசுபிசுவென்று இருந்தது. கோடெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் பழைய நிலைக்கு வரவில்லை. ரப்பர் தொழிலாளியின் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ரொம்ப வருத்தம். நீங்கள் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள்.

குத்தி முடித்த உடனேயே ஈரத்துணியால் துடைத்தால் போதும். அப்பிக்கிடந்தால் பழைய டூத் பிரஷ்ஷில் இரண்டு சொட்டு ஷாம்பு. மரக்கட்டையில் ஒட்டின அச்சைத் தண்ணீரில் மூழ்க வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம், ரப்பர் விறைத்து வெடிக்கும்.

ஓவியம் படிக்கிறேன். ஒரே அச்சைத் திரும்பத் திரும்பக் குத்துவதில் நம் கைவண்ணம் என்று என்ன இருக்கிறது?
— மாணவி, நாகர்கோவில்

நியாயமான கேள்வி. உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்கிறார்களே, லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரைய வைத்தது, அதுவும் கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டினதுதான். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அங்கே ஒரு பென்னி கட்டணத்தில் கடிதம் அனுப்புகிற தபால் முறை வந்திருந்தது, அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் இந்தக் கோலும் ஒருவர். வாழ்த்து அட்டையும் தபாலும் கூடப்பிறந்த மாதிரி என்று நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன வருஷம், உயரமான தூண்களின் மேல் வாய்க்கால் போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தை அட்டையில் கொண்டுவர ஆசைப்பட்டேன். பாலம் முழுவதையும் வெட்டவில்லை. ஒரே ஒரு தூணை மட்டும் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் வெட்டினேன். பெரிய தூணை மை தொட்டு முன்னால் குத்தினேன், கறுப்பாக விழுந்தது. நடுத்தரத் தூணை மை தொட்டு, முதலில் ஒரு ரஃப் பேப்பரில் குத்திவிட்டு, மீதி மையோடு அட்டையில் குத்தினேன், சாம்பலாக விழுந்தது. சின்னத் தூணை இரண்டு தடவை ரஃப் பேப்பரில் குத்திவிட்டு வைத்தேன். மூடுபனிக்குள் போகிற மாதிரி மங்கிப்போனது. மேலே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்ததும், காலை நேரத்தில் பறளியாற்றுக்கு மேலே அந்தப் பாலத்தில் நின்று பார்க்கிற தூரம் அட்டையில் வந்துவிட்டது. வெட்டினது மூன்று அழிரப்பர். எந்த இடத்தில், எத்தனை மையோடு, எவ்வளவு இடைவெளி விட்டு என்பதெல்லாம் கைதானே முடிவு செய்தது? நீங்கள் ஓவியம் படித்தவர். என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். செய்து எனக்கு ஒன்று அனுப்புங்கள்.

‘இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்’ என்று தமிழில் அச்சு எங்கே கிடைக்கும்?
— வாசகர், கருங்கல்

ரெடிமேட் செட்டில் தமிழ் கிடைப்பது அரிது. பேங்க், ஆபீஸ் முத்திரை செய்கிற கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். லேசரில் செதுக்குவதும் உண்டு, ஃபிலிம் வைத்து ஒளி காட்டிப் பாலிமரில் செய்வதும் உண்டு. உங்கள் கையெழுத்திலேயே வெள்ளைப் பேப்பரில் கறுப்பு மையால் எழுதிக் கொடுங்கள். எழுத்து ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைய வேண்டாம். தமிழில் சுழி அதிகம், ணகரத்திலும் னகரத்திலும் உள்ளே மை அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். இல்லாவிட்டால் புள்ளியே விழாது. வாங்கும்போது கடையிலேயே குத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

செய்து விற்கலாமா? என்ன விலை வைப்பது?
— வாசகி, ஆசாரிப்பள்ளம்

விற்கலாம். ஆனால் முதல் ஐம்பது அட்டையைத் தெரிந்தவர்களுக்கே கொடுங்கள். ஒரு அட்டைக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். பொருளுக்கான காசை மட்டும் கணக்குப் போட்டு விலை வைத்தவர்கள் ஒரு கிறிஸ்துமஸோடு அலுத்துப்போய் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கன்னியாகுமரியில் வாங்கின குட்டிச் சிப்பி, முத்து, பொத்தான் எல்லாம் ஒட்டி அட்டை செய்தேன். தபாலில் அனுப்பலாமா?
— வாசகி, சுசீந்திரம்

கையில் கொடுப்பதென்றால் தாராளமாக ஒட்டுங்கள். தபாலில் வேண்டாம், மகளே. முத்திரை குத்தினவள் சொல்கிறேன், கவர் மேல் இரும்பு முத்திரை விழும்போது உள்ளே சிப்பி இருப்பது எங்களுக்குத் தெரியாது. நொறுங்கின சிப்பி கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த கடிதங்களை எடுத்து எத்தனை தடவை ஒட்டிக் கொடுத்திருப்பேன்!

எடையையும் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரைக்கும் ஒரு கட்டணம், தாண்டினால் கூடும். நான் மேலே சொன்ன 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்பது கிராம் சொச்சம் வரும். கவர் நாலைந்து கிராம். முன்பக்கம் அதே அட்டையில் இன்னொரு அடுக்கு ஒட்டினால் நாலரை கிராம் கூடும். அதுவரைக்கும் 20-க்குள்தான். இரண்டாவது அடுக்கு ஒட்டினீர்களோ, தாண்டிவிடும். தபால்தலை குறைவாக ஒட்டினால், குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். வாழ்த்து வாங்கினவர் காசு கொடுக்கிற நிலை வரக் கூடாது. அந்தச் சிப்பியைப் பார்த்து அழிரப்பரில் வெட்டிக் குத்துங்கள், எடையே இல்லை. கவரையும் அலங்கரிக்க ஆசை இருந்தால் இடது ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலது மேல்மூலை தபால்தலைக்கு, முகவரி இருக்கிற இடமும் பின்கோடும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மகளுக்கு ஆறு வயது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குத் தானே அட்டை செய்து அனுப்ப வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அவளால் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அக்கா.
— வாசகி, குளச்சல்

பிள்ளையின் கையில் கத்தி கொடுக்க வேண்டாம். முற்றின வெண்டைக்காய் ஒன்றைக் காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு நீங்களே நறுக்கிக் கொடுங்கள். வெட்டின முகத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, போஸ்டர் கலரில் தொட்டுக் குத்தினால் பூ மாதிரியும் விழும், நட்சத்திரம் மாதிரியும் விழும். காம்பு பிடி மாதிரி இருப்பதால் சின்னக் கைக்கு வசதி. பச்சை அட்டையில் மஞ்சள் நட்சத்திரமாக மேலே ஏழெட்டு குத்தட்டும். கீழே அவள் பெருவிரலைப் பழுப்புக் கலரில் தொட்டு வரிசையாக வைத்தால் ஆட்டுக்குட்டிகள் ஆகிவிடும், காலும் காதும் ஸ்கெட்ச் பேனாவால் அவளே போடுவாள். குடிலுக்கு இரண்டு கோடு போதும்.

உள்ளே அவள் கையாலேயே எழுதட்டும். எழுத்து திரும்பியிருந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள். அவள் அப்பா அதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

காய்ந்த பூ, இலை, விதை எதையும் ஒட்டாதீர்கள். செடி சம்பந்தப்பட்ட பொருளைத் தபாலில் விடுவதற்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது. முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். அங்கே பெரும்பாலும் வீட்டுக்கு வந்து கொடுப்பதில்லை, தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். அதனால் அவர் கம்பெனியின் பெட்டி எண்ணையும் அவருடைய போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவரைப் பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். வெண்டைக்காய்க் கலர் காய ஒரு நாள் ஆகும். அதையும் கணக்கில் வைத்து, நவம்பர் முதல் வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.